காளான் கடை எண்ணெயில் ஓடும் வண்டி

அக்டோபர் 29, புதன்

டாக்டர் சொல்லித்தான் எழுதுகிறேன். எனக்கு டைரி எழுதுகிற பழக்கமெல்லாம் கிடையாது. நேற்று ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "ஏனுங் டீச்சர், ஊட்ல யாருகூடயாச்சும் சண்டைங்களா?" என்றார். இல்லை என்றேன். "கோவத்தை உள்ளாறயே வெச்சுக்காதீங்க. சொல்ல முடியலீன்னா எழுதியாச்சும் போடுங்க" என்று மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். என் பெயர் சாந்தாமணி. பெயரில் மட்டும்தான் சாந்தம் என்று பிளஸ் டூ பிள்ளைகள் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்திருக்கிறது.

சரி, கோபம் யார்மேல் என்றால், இவர்மேல்தான், என் வீட்டுக்காரர்மேல்.

இவருக்குச் சொந்தமாக ஒரு சரக்கு வண்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு அரிசி, தேங்காய் ஏற்றிப் போவார். வரும்போது கேரட் ஏற்றி வந்து மண்டியில் இறக்குவார். டீசல் விற்கிற விலையில் இரண்டு வருடமாக என் சம்பளத்தில்தான் அந்த வண்டி மலையேறுகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் தம்பி சம்பத், அங்கேயே இவருக்கு ஸ்டோர் கீப்பர் வேலை பார்த்து வைத்தான். தங்க அறை கொடுப்பார்கள், மாதத்தில் இரண்டு தடவை ஊருக்கு வரலாம். வண்டியை வாங்கிக்கொள்ள அன்னூர் முட்டை வியாபாரி நாச்சிமுத்து என்பவரையும் அவனே பிடித்தான். பொங்கல் கழித்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்ல, நானும் சரி என்றேன். இதில் என்ன குற்றம்? தீபாவளிக்கு வந்த தம்பி பலகாரம் தின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னதும் இவர் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தார். "என்ற வண்டிக்கு என்னையக் கேக்காம வெலை பேசியாச்சாக்கு?" என்றார். அன்றோடு என்னிடம் பேச்சு நின்றது.

பேச்சில்லை என்றால் வாயை மூடியிருக்கிறார் என்று அர்த்தமில்லை. சுவரிடம் பேசுகிறார். "தண்ணித் தொட்டி நெறஞ்சு வழியுது, மோட்டாரை நிறுத்த ஆளக் காணோம்" என்று சுவருக்குச் செய்தி போகும். நான் மட்டும் இளைத்தவளா? "தோசை ஆறுதாமா, வேணுங்கறவிய வந்து திங்கலாமா" என்று நான் அடுப்பிடம் சொல்வேன். வந்து தின்றுவிட்டுப் போவார்.

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் போர்ட்டிகோவில் ஒரு நீல டிரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஆறு கேன். மூடியைத் திறந்து பார்த்தேன், தார் மாதிரி கறுப்பாக எண்ணெய். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் தள்ளுவண்டியில் காளான் போடுகிறார்களே, அங்கே பொரித்துப் பொரித்துக் கழித்த எண்ணெய். காளான் என்று பெயர்தான், பொரிப்பதெல்லாம் முட்டைக்கோஸ்.

விஷயம் என்னவென்றால், இவர் டீசல் காய்ச்சப் போகிறாராம். ஏதோ ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். "பங்க்குல கொண்டுபோய்க் கொட்டறதுக்கு நாமளே காச்சிக்கலாம். அப்பறம் யாரு வண்டியை விக்கறாங்கன்னு பாக்கலாம்" என்று கொய்யா மரத்திடம் சபதம் போட்டார்.

முடியாத காரியம் இல்லை. பழைய சமையல் எண்ணெயில் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் அளவாகச் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால், கிளிசரின் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பது டீசலுக்குப் பதிலாக ஓடும். பத்தொன்பது வருடமாக வேதியியல் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா? ஆனால் 'அளவாக' என்ற வார்த்தையில்தான் மொத்த உயிரும் இருக்கிறது. அந்த வார்த்தைக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம்.

மெத்தனாலை இவருடைய சிநேகிதர் ஜமால் பாய் கொண்டுவந்தார். பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் தயாரிக்கிறவர், லைசென்ஸ் உள்ளவர். மீந்ததை ஒரு சொட்டு விடாமல் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாராம், அவர் பயம் அவருக்கு. என் பயம் எனக்கு. அது என்ன பாலா, மோரா? ஆவி மூக்கில் ஏறினாலே தலை சுற்றும். உள்ளே போனால் கண் போய்விடும். சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கும் மகள் சுபிக்‌ஷாவுக்குப் போன் போட்டேன்.

"சுபி, உங்கப்பாகிட்டச் சொல்லு, மூஞ்சிய டிரம்முக்கு மேல கொண்டுபோகக் கூடாதுன்னு. பக்கத்துல பீடி, ஊதுபத்தி எதும் கூடாதுன்னு சொல்லு."

"அப்பா இப்ப எங்கம்மா இருக்காரு?"

"போர்ட்டிகோவுல."

"நீங்க?"

"சமையக்கட்டுல."

"நான் சேலத்துல இருக்கறேன்மா" என்றாள். ஆனாலும் சொன்னாள். பத்து நிமிஷத்தில் ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார்.

நவம்பர் 3, திங்கள்

பள்ளிக்கூட லேபுக்கு என்று நானே வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றும் ரப்பர் கையுறையும் பீரோவில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. எங்கேயாவது வைக்க வேண்டுமே என்று டிரம் மேல் வைத்தேன்.

நவம்பர் 5, புதன்

மழை. கேனுக்கெல்லாம் மூடி போட ஆளில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

சோப்பு. மொத்த டிரம்மும் சோப்பு.

தண்ணீர் இறங்கிய எண்ணெயில், யாரோ வீடியோவில் சொன்ன அளவுக்குக் காஸ்டிக் சோடாவைக் கொட்டினால் வேறென்ன ஆகும்? பழுப்பு நிறத்தில், களி மாதிரி, குச்சி நட்டால் நிற்கிறது. இவர் அதன் முன்னால் குத்துக்காலிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஜமால் பாய் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சி, டீசல் வராட்டி என்ன, வருசத்துக்குத் துணி தொவைக்கலாம்" என்றார். இவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், சமையலறைக்குள் போய்.

ஒரு எண்ணெய் மாதிரி இன்னொரு எண்ணெய் இருக்காது. எத்தனை தடவை பொரித்தார்கள், எவ்வளவு புளித்திருக்கிறது என்று ஒவ்வொரு கேனையும் பரிசோதித்துத்தான் சோடாவை நிறுக்க வேண்டும். பிளஸ் டூ பாடம் இது. கேட்டால் சொல்லித் தருகிறேன். கேட்டால்தானே?

நவம்பர் 15, சனி

விடைத்தாள் திருத்தி அலுத்துப்போய் எழுந்தேன். சும்மாதான் எழுந்தேன். போர்ட்டிகோவில் புதிதாக மூன்று கேன். இவர் மண்டிக்குப் போயிருந்தார். கேனுக்கு ஒரு கரண்டி எண்ணெய் எடுத்து வந்தேன். அதை ஸ்பிரிட்டில் கரைத்து, மஞ்சள் தூள் போட்டு, சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். லேபில் என்றால் அதற்கென்று ஒரு மருந்து இருக்கிறது. வீட்டில் மஞ்சளே போதும். ஆலம் சுற்ற மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதே, அதே கணக்கு. எத்தனை சொட்டில் சிவக்கிறதோ அதை வைத்து அளவு சொல்லிவிடலாம். பஜ்ஜிக் கடை எண்ணெய்க்கு லிட்டருக்கு ஆறு கிராம். சிப்ஸ் கடைக்கும் அதேதான். காளான் கடைக்கு ஒன்பது. கேன்மேல் சாக்பீஸால் எழுதி வைத்தேன். இல்லாவிட்டால் மறுபடியும் போர்ட்டிகோவெல்லாம் சோப்பாகும், வழுக்கி விழப்போவது நான்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

கிளிசரின் அடியில் தனியாக இறங்கியிருக்கிறது. மேலே தேன் நிறத்தில் தெளிவாக நிற்கிறது. இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். போனை எடுத்து, "ஜமாலு, உன்ற கணக்கு கரெக்ட்டுடா! கேன்ல எழுதி வெச்சுட்டுப் போனியே, கில்லாடிடா நீ!" என்று கத்துகிறார்.

ஜமால் பாயாம்! அவருக்கு ஆறுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டுப் பார்க்கட்டும். இன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை. வேண்டுமென்று இல்லை, மறந்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

சமையல் மேடையில், மஞ்சள் டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன பாட்டிலில் அழுக்கு எண்ணெய். மூடிமேல் 'கேன் 4' என்று எழுதியிருக்கிறது. எதையாவது எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துபோகிற ஜென்மம். எடுத்து எறியலாம் என்றுதான் போனேன். பிறகு பரிசோதித்து, ஏழு என்று நான்காவது கேனில் எழுதினேன்.

நவம்பர் 26, புதன்

மறுபடியும் பாட்டில். 'கேன் 5', 'கேன் 6'. மறதிக்கு ஏதாவது மாத்திரை உண்டா என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

டிசம்பர் 4, வியாழன்

காய்ச்சியதைத் தண்ணீர் விட்டு அலச வேண்டும், அப்போதுதான் மிச்சமிருக்கும் சோப்பு போகும். மெதுவாகத் தெளித்து அலச வேண்டும். இவர் தயிர் கடைகிறவர் மாதிரி அடித்துக் கலக்கியதில் மொத்தமும் மோராகிவிட்டது. நான்கு நாளைக்கு ஒரு முறை வருகிற பவானித் தண்ணீர், தொட்டியில் பாதி காலி.

"மெதுவா ஊத்தோணுமாமா. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டாமா" என்று வாசற்படியிடம் சொன்னேன். மறுபாதியை மெதுவாகத்தான் ஊற்றினார்.

டிசம்பர் 14, ஞாயிறு

சம்பத் போன் செய்தான். அறை தயாராம். ஜன்னல் இருக்கிறதாம், கட்டில் கொடுப்பார்களாம். "மச்சானுக்கு ஒரு மெத்தை மட்டும் குடுத்தனுப்பீரு அக்கா" என்றான். வீட்டில் ஒற்றை மெத்தை கிடையாது. கடைவீதிக்குப் போனேன், மூன்று கடை பார்த்தேன். ஒன்று கல் மாதிரி, ஒன்று நாற்றம், மூன்றாவதில் துணி நிறம் பிடிக்கவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன்.

இவர் ஒரு வார்த்தை 'நான் போகமாட்டேன்' என்று சொல்லட்டுமே, பிடித்துத் தள்ளியா விடப்போகிறேன்? சொல்ல மாட்டார். இன்றைக்குச் சுவரிடம் என்ன சொன்னார் தெரியுமா? "வேண்டாம்னு நெனைக்கறவங்க ஊட்ல எதுக்கு இருக்கறது? பொங்கல் முடியட்டும்." நல்லதாகப் போயிற்று. எனக்கும் நிம்மதி. ஒரு ஆளுக்குச் சமைப்பது எவ்வளவு சுலபம்.

ரத்த அழுத்தம் இறங்கவில்லை. மாத்திரை சரியில்லை.

டிசம்பர் 25, வியாழன்

வண்டி ஓடியது! ஒரு சொட்டு டீசல் இல்லாமல், முழுக்க இவர் காய்ச்சியதை ஊற்றி, காரமடை போய்த் திரும்பினார். வண்டி தெருவுக்குள் வரும்போதே பஜ்ஜி வாசனை முன்னால் வருகிறது. பின்னால் நான்கு தெருநாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடி வருகின்றன. எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து, "எந்தக் கடைல டீச்சர் சூடாப் போடறாங்கொ?" என்றாள்.

இவர் இறங்கி, வண்டியின் மூஞ்சியைத் தட்டிக்கொடுத்தார். "திங்கக்கெழமை ஊட்டி" என்றார் கொய்யா மரத்திடம்.

ஊட்டியா? இந்த மார்கழியிலா?

டிசம்பர் 27, சனி

சந்தேகத்துக்குக் காய்ச்சியதில் ஒரு பாட்டில் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். இன்று எடுத்துப் பார்த்தால் உறைந்து கிடக்கிறது. மஞ்சளாக, மணல் மணலாக. கடைக்காரர்கள் பொரிப்பதெல்லாம் பாமாயில். ரேஷன் பாமாயில் மார்கழிக் காலையில் பாக்கெட்டுக்குள் கட்டியாகிவிடும், சுடுதண்ணீரில் போட்டுத்தான் ஊற்ற முடியும் என்பது சமையல் செய்கிற எல்லாருக்கும் தெரியும். விடிகாலையில் சமையலறைக்குள் காலெடுத்து வைக்காதவருக்கு எப்படித் தெரியும்? டீசலாகக் காய்ச்சினாலும் அதன் குணம் முழுசாகப் போய்விடாது. நம் ஊர்க் குளிருக்குத் தாங்கும். ஊட்டியில் புல்மேல் உறைபனி விழுகிற ராத்திரிக்குத் தாங்காது.

சேலத்துக்கு அடித்தேன். சுபிக்குச் செவ்வாய்க்கிழமை பரீட்சை. "அம்மா, இனி நான் தபால்காரி வேலை பாக்க மாட்டேன். நீங்களே பேசிக்குங்க" என்று வைத்துவிட்டாள்.

பரவாயில்லை. பாட்டிலை இவர் சாப்பிடுகிற தட்டுக்கு நேர் எதிரில் வைத்துவிட்டு வந்தேன். பார்த்தால் புரியும்.

டிசம்பர் 28, ஞாயிறு

புரிந்தது! நன்றாகப் புரிந்தது! "நெய்யை யாரோ வெளியவே வெச்சுட்டுப் போயிட்டாங்க" என்று சுவரிடம் குறை சொல்லிவிட்டுப் பத்திரமாக ஃபிரிட்ஜில் திருப்பி வைத்திருக்கிறார். நல்ல வேளை, பருப்புச் சாதத்தில் ஊற்றிக்கொள்ளவில்லை. ஓடிப்போய்க் கொட்டிக் கழுவினேன். தலையில் அடித்துக்கொண்டதில் நெற்றி வலிக்கிறது.

டிசம்பர் 29, திங்கள்

காலையில் தேங்காய் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் கேரட் ஏற்றி, ராத்திரி அங்கேயே தங்கி, விடிந்ததும் இறங்குவது வழக்கம். கேட்டருகே போய் நின்று, கேட்டிடமே சொன்னேன்:

"மேல குளுருல எல்லாம் ஒறஞ்சு நின்னு போயிருமாமா. பாதி வழில நிக்கறதுக்கு எதுக்குப் போறதாமா?"

இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? இவர் சாவியைத் திருகிக்கொண்டே ஸ்டீயரிங்கிடம் சொன்னார்: "நல்ல காரியத்துக்குக் கெளம்பும்போதே நின்னு போயிரும்னு வாழ்த்தறாங்க. சிலருக்கு நாலு பேரு முன்னேறுனாப் பொறுக்காது."

போய்விட்டார். நான் சாபம் கொடுத்தேன் என்று நினைத்துவிட்டார். பாமாயிலைச் சொன்னேன் என்று இந்த மனிதருக்கு ஏன் தோன்றவில்லை? கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகட்டும். நின்றால் தெரியும்.

டிசம்பர் 30, செவ்வாய்

விடிந்தும் விடியாமலும் போன். சுபி.

"அம்மா, அப்பா வண்டி ஸ்டார்ட் ஆகலையாம். டேங்க்குக்குள்ள நெய்யாட்டம் கட்டிக் கெடக்குதாம். என்ன பண்றதுன்னு…"

"உன்னையக் கேட்டாரா, என்னையக் கேக்கச் சொன்னாரா?"

"அம்மா! பக்கத்துல லாரிக்காரரு டேங்க்குக்கு அடியில நெருப்பு வெச்சா எளகிரும்னு சொல்றாராம். அப்பா பேப்பர் எடுத்துட்டிருக்காராம்."

"நெருப்பு வேண்டாம்னு சொல்லு! மொதல்ல அதைச் சொல்லு. அப்பறம் பேசலாம். வைய்யி!" என்று கத்தினேன். வைத்துவிட்டாள். நான் இவர் நம்பரை அழுத்தினேன். பிஸி. திரும்ப அழுத்தினேன். பிஸி. சுபிக்கு அடித்தேன், அவளும் பிஸி. இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம், ஆனால் அது அப்போது மண்டையில் ஏறவில்லை. ஓட்டைப் பைப்பு, மேலே இத்தனை எண்ணெய், அடியில் எரிகிற பேப்பர், அதன் பக்கத்தில் குனிந்து எட்டிப் பார்க்கிற இவர் என்று என்னென்னவோ கண்முன் வந்தது. கை நடுங்கியது. குளிர் இந்த வருஷம் நம் ஊரிலும் அதிகம்.

சுபி திரும்பக் கூப்பிட்டாள். "பேப்பரைக் கீழ போட்டுட்டாரும்மா. சொல்லுங்க."

டீக்கடையில் சுடுதண்ணீர் வாங்கி ஃபில்டர்மேல் ஊற்ற வேண்டும். சாக்கை நனைத்து டேங்கைச் சுற்ற வேண்டும். வெயில் வருகிற பக்கமாக வண்டியைத் தள்ளி நிறுத்த வேண்டும். இளகியதும் டேங்கில் டீசல் கலக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஊட்டியிலிருந்து சேலம், சேலத்திலிருந்து மேட்டுப்பாளையம், திரும்ப அதே வழி. பரீட்சைக்குப் போக வேண்டிய பிள்ளை ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து பாமாயில் உருக்கிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வந்து சேர்ந்தார். கேரட் கெடவில்லை, மண்டியில் இறக்கிவிட்டுத்தான் வந்தார். கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன், எங்கேயும் சுட்டுக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே சுவரிடம் சொன்னார்: "பாமாயிலு மலைல ஆகாதாட்ட இருக்குது."

"அப்புடியாமா" என்றேன் அடுப்பிடம்.

ஜனவரி 4, ஞாயிறு

ஃபிரிட்ஜ் முழுக்கப் பாட்டில்கள். பாதிக்குப் பாதி டீசல் கலந்தாலும் கட்டுகிறது. ஒரு பங்கு நம்முடையது, மூன்று பங்கு டீசல் என்றால் கட்டுவதில்லை. கீழே ஓட்டுவதற்கு முழுசாக ஊற்றலாம். மலைக்குக் கால் பங்கு, அதுவும் ராத்தங்கக் கூடாது. டிரம்மில் எழுதிவிட்டேன். தயிர் வைக்க இடமில்லை.

ஒவ்வொரு பாட்டிலிலும் இவர் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: 'நெய் அல்ல'.

ஜனவரி 9, வெள்ளி

ஊட்டி போய், பொழுது சாய்வதற்குள் திரும்பினார். எங்கேயும் நிற்கவில்லை. சீட்டி அடித்துக்கொண்டே குளித்தார். குளித்து முடித்து வந்து நாட்காட்டியைப் பார்த்தார், சீட்டி நின்றுபோனது. பொங்கலுக்கு இன்னும் ஆறே நாள்.

ஜனவரி 13, செவ்வாய்

சுபி வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக, "அப்பா நெசமாவே போறாரா?" என்றாள். "அவரையே கேளு" என்றேன். அவரைக் கேட்டதற்கு, "உங்கம்மாவைக் கேளு" என்றாராம். "ரெண்டு பேரும் சேந்து என்னையப் பைத்தியமாக்காம உட மாட்டீங்க" என்று கரும்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பொங்கியது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பாத்திரமெல்லாம் கழுவாமல் கிடக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்குச் சம்பத் நாச்சிமுத்துவைக் கூட்டிக்கொண்டு வந்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, முன்பணம். நல்ல மனிதர், அறுபது வயதிருக்கும். வண்டியைச் சுற்றி வந்து மூக்கை உறிஞ்சினார். "என்னுங் தம்பி, வண்டில பஜ்ஜி வாசம் அடிக்குது?" என்றார் சம்பத்திடம். அவன் முழித்தான்.

இதுதான் சமயம் என்று முன்னால் போனேன்.

"அதையேன் கேக்கறீங்கண்ணா. போன மாசம் கேரட்டோட ஊட்டில நின்னு போச்சுங்க இந்த வண்டி. நெய்யாட்டம் ஒறஞ்சு போச்சுங்க. மலைக்கு ஆகாதுங்க" என்றேன்.

சொன்னது நாச்சிமுத்துவிடம். கேட்க வேண்டியவர் இவர். வண்டியை நான் மட்டம் தட்டுகிறேன், வந்த ஆளைக் கிளப்பிவிடப் பார்க்கிறேன் என்று ஒரு சின்னப் பிள்ளைக்கும் புரியும். மாடிப்படியில் நின்ற சுபிக்குப் புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். இவருக்கு? மூஞ்சி சிவந்துவிட்டது.

"மலைக்கு ஆகாதுன்னு ஆரு சொன்னா?" என்று கொய்யா மரத்தைப் பார்த்துச் சீறினார். "அண்ணா, நீங்க ஏறி உக்காருங்க. பொங்கலுக்கு முந்துன வெள்ளிக்கெழமை ஏறி, அன்னிக்கே எறங்குன வண்டிங்க இது."

"பொகை வருமுங்கண்ணா" என்றேன்.

"பொகையா? வெள்ளைத் துணியைப் பின்னால புடிச்சுப் பாருங்க, கரி ஒட்டாது!"

"எண்ணெய் காச்சி ஊத்தறதுக்கே ஒரு ஆளு வேணுமுங்க."

"டீசல் ஊத்துனாலும் ஓடுமுங்க. எஞ்சின் அப்புடி. என்ற புள்ளையாட்டம் பாத்து வெச்சிருக்கறேன்!"

நான் ஒரு குறை சொல்லச் சொல்ல இவர் இரண்டு பெருமை சொல்கிறார். நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்துகொண்டே போகிறது. ஏறி உட்கார்ந்தார், ஓட்டிப் பார்த்தார், இறங்கினார். "ரொம்பத் திருப்திங்க. வியாபாரி சொன்னா நம்ப மாட்டேன், ஊட்டுக்காரம்மா கொறை சொல்லியும் வண்டி இப்புடி ஓடுதுன்னா அது நல்ல வண்டிங்க" என்று தாம்பாளத்தை எடுத்து நீட்டினார். இவர் கை நீண்டது. மறு கை சாவியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஏனுங்க!"

எனக்கே அது என் குரல் மாதிரி இல்லை. தெருவில் போன சைக்கிள்காரர் நின்றுவிட்டார்.

"உங்களுக்கு மண்டைக்குள்ள ஏதாச்சும் இருக்குதுங்களா? விக்க வேண்டாம்னு தானுங்க இத்தன நேரமாத் தொண்டை கிழியக் கத்தீட்டு இருக்கறேன்!"

இவர் பழக்க தோஷத்தில் மரத்தைப் பார்த்துத் திரும்பினார். "இது ஆருகிட்டச் சொல்றாங்கன்னு…"

"உங்ககிட்டத்தான்! மரத்துகிட்ட இல்ல, செவுத்துகிட்ட இல்ல, உங்ககிட்ட! திருப்பூருக்குப் போக வேண்டாமுங்க. நீங்க இல்லாம இந்த ஊட்ல நான் மட்டும் எப்புடி இருப்பேன்? யாருக்குத் தோசை சுடுவேன்?"

அழுதுவிட்டேன். முட்டை வியாபாரி முன்னால், தம்பி முன்னால், பெற்ற பிள்ளை முன்னால், சைக்கிள்காரர் முன்னால். வெட்கமாகத்தான் இருந்தது, நிற்கவில்லை.

நாச்சிமுத்து தாம்பாளத்தை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஏனம்மிணி, இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்க மாட்டேனே" என்றார். சம்பத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சுபி அவன் வாயில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

இவர் அப்படியே நின்றார். சாவி கையில் இருந்தது. என்னை நேராகப் பார்த்தார். தீபாவளிக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

"நீ…" என்றார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார். "நீ போகச் சொல்றேன்னு நெனைச்சுட்டேன், சாந்தா."

"நெனைப்பீங்க. நெய்யின்னு நெனைக்கலையா?" என்றேன்.

நாச்சிமுத்து இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஜனவரி 19, திங்கள்

விடிகாலையிலிருந்து இவர் வாய் ஓயவில்லை. சூரியகாந்தி எண்ணெய் உறையுமா, கடலை எண்ணெய் உறையுமா, கல்யாண மண்டபத்தில் கேட்டால் கொடுப்பார்களா, மஞ்சள் ஏன் சிவக்கிறது, இதையெல்லாம் ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று பின்னாலேயே வந்து கேட்டால் பள்ளிக்கூடத்துக்கு எப்படிக் கிளம்புவது? பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இந்த மனிதரோடு மனுஷி குடித்தனம் பண்ண முடியாது. மீதியைச் சாயங்காலம் எழுதுகிறேன், கூப்பிடுகிறார்.